கணிதத்தில் முன்பின் அறிதல்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எழுதியபோது, பழைய மாணவர் பலரும் எழுதுவதுபோல யானும் விடுதிச் சோற்றையும் விளையாட்டு மைதானத்தையும் பற்றி எழுதலாமோ என்றே முதலில் எண்ணினேன். அவற்றை என்னினும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர். முப்பது ஆண்டு கரும்பலகையோடு வாழ்ந்தவன் கணிதத்தைப் பற்றி ஏதேனும் சொல்லுதலே தகும். அதிலும், யான் செம்மையாகக் கற்பித்தவற்றைச் சொல்வதினும், பிழையாகக் கற்பித்த ஒன்றைச் சொல்லுதல், இன்று இக்கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கூடிய பயன் தரும் எனத் துணிந்தேன்.

எட்டாம் வகுப்பு ஒன்றில் அட்சரகணிதம் நடந்துகொண்டிருந்தது. ஓர் எண்ணை இருமடங்காக்கி 6 ஐக் கூட்டினால் 20 வருகின்றது, எண் யாது? கரும்பலகைக்கு வந்த மாணவன் 20 ஐ இரண்டால் வகுத்து 10 என எழுதினான். பின்னர் 6 ஐக் கழித்து 4 என விடை கூறினான். யான் சுண்ணக்கட்டியால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்து, “முதலில் ஆறைக் கழி, பிறகு இரண்டால் வகு. விடை ஏழு” என்றேன். அவன் தன் இருக்கைக்குப் போகாமல் நின்றான். “சேர், போன கிழமை ஒழுங்கை மாற்றினாலும் விடை மாறாது என்று சொன்னீர்களே?” என்று கேட்டான்.

உண்மையிலேயே அவ்வாறு சொல்லியிருந்தேன். மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. மும்மடி ஐந்து பதினைந்து, ஐம்மடி மூன்று பதினைந்து. இதனை வகுப்பு முழுவதும் ஒருமித்த குரலிற் சொல்லும்வரை விடவில்லை. அச்சிறுவன் என் சொல்லை நம்பினான். நம்பியதைப் புதிய இடத்திலே பொருத்திப் பார்த்தான். நல்ல மாணவன் செய்யவேண்டியது அதுவேயன்றோ? அவனுக்கு யான் தந்த மறுமொழி, “அது வேறு, இது வேறு, இரு” என்பது. அவன் இருந்தான். அந்த ஆண்டு முடியும்வரை அவன் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அது வேறு, இது வேறு என்பது மெய்தான். எவ்வாறு வேறு என்பதை அன்று என்னால் ஒரு சிறுவனுக்கு விளங்கச் சொல்ல முடியவில்லை என்பதும் மெய். எனக்கு விதி தெரியும். விதியின் காரணத்தை நின்று யோசித்ததில்லை. இப்பொழுது அக்காரணத்தைச் சொல்லப் புகுகின்றேன். சொல்வதோடு நில்லாமல், இக்காரணம் ஆறாம் ஏழாம் வகுப்புகளிலேயே, குறியீடுகளுக்கு முன்னரே, கற்பிக்கப்படவேண்டும் என்று வாதிடவும் போகின்றேன்.

சார்பு என்னும் சொல்லைக் கேட்டதும் இளைய மாணவர் அஞ்சுவர். அஞ்சத் தேவையில்லை. ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய ஒன்றை, ஒன்றே ஒன்றை, தவறாமல் தருவது சார்பு. ‘இருமடங்கு’ ஒரு சார்பு: 4 ஐக் கொடுத்தால் 8 ஐத் தரும். ‘வர்க்கம்’ ஒரு சார்பு: 4 ஐக் கொடுத்தால் 16 ஐத் தரும். எண்களைக் கொடுத்து எண்களை வாங்குவதுதான் சார்பு என்று எண்ணவும் வேண்டா. ‘அப்பா’ என்பதும் ஒரு சார்பே. எவரையும் கொடுங்கள், அவருக்கு ஓர் அப்பா உண்டு, ஒருவரே உண்டு. ‘அம்மா’ என்பதும் அவ்வாறே. ‘அண்ணன்’ என்பது சார்பு ஆகாது. மூத்த பிள்ளைக்கு அண்ணன் இல்லை, கடைக்குட்டிக்கு மூன்று அண்ணன்மார் இருக்கலாம்.

இனி ஒரு சார்பின் மேல் மற்றொரு சார்பைத் தொழிற்படுத்திப் பார்ப்போம். இங்கே நம் ஊர்ப் பேச்சுவழக்கு நமக்குப் பேருதவி செய்கின்றது. பாட்டன், பாட்டி என்று பொதுப்படச் சொல்லிவிட்டு, எந்த வழிப் பாட்டி என்று பின்னர் விளக்கம் கூறும் தொல்லை நமக்கு இல்லை. அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா என நான்கு சொற்கள் நம் வீடுகளிலே வழங்குகின்றன. இரண்டு சார்புகளை இரண்டு இரண்டாகச் சேர்த்தால் வரக்கூடிய சேர்க்கைகள் நான்கே. நான்குக்கும் நான்கு பெயர். அப்பம்மா, அப்பாவின் அம்மா. அம்மப்பா, அம்மாவின் அப்பா. பயன்பட்ட சார்புகள் இரண்டும் அவையே. ஒழுங்கு மட்டும் மாறியது. ஒருவர் பெண், மற்றவர் ஆண், ஒருவர் தந்தை வழி, மற்றவர் தாய் வழி, ஊரும் வேறாயிருக்கலாம். மூன்று வயதுக் குழந்தை இவ்விருவரையும் மாறி அழைப்பதில்லை. அதாவது, சார்புகளைச் சேர்க்கும்போது ஒழுங்கு மாறினால் விடை மாறும் என்பதை நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்னரே அறிந்திருக்கின்றனர். பள்ளிக்கூடத்திற்கு வந்தபின் யாம் அதனை மறக்கச் செய்கின்றோம்.

இதற்குச் சமையலறை உவமைகளைச் சொல்வோரும் உளர்: இடியப்பத்தைப் பிழிந்த பின் அவிக்கவேண்டும், அவித்தபின் பிழிதல் ஆகாது என்பார்கள். (மாவை முன்னரே அவித்துக்கொள்வதும் உண்டே என்று அன்னையர் உடனே திருத்துவர்.) இவ்வுவமை எனக்கு உவப்பானதன்று. அங்கே ஓர் ஒழுங்கு சரி, மற்றது நாசம். கணிதத்தில் அப்படியன்று. அப்பம்மாவும் மெய், அம்மப்பாவும் மெய். இருவருள் ஒருவர் பிழையான பாட்டனார் அல்லர். இரண்டு ஒழுங்குகளும் செல்லும்; இரண்டும் வெவ்வேறிடத்திற்குச் செல்லும். ‘பிழையான ஒழுங்கு’ என்று ஒன்றில்லை. கேட்கப்பட்டதற்கு உரியதல்லாத ஒழுங்கு என்று ஒன்றுண்டு. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன் விதிக்கு அஞ்சான். வினாவைக் கூர்ந்து வாசிப்பான்.

எண்களுக்கு வருவோம். வகுப்பிலே இரண்டு மாணவரை எழுந்து நிற்கச் செய்யுங்கள். ஒருவன் தன் கைக்கு வரும் எண்ணோடு 3 ஐக் கூட்டிக் கொடுப்பவன். மற்றவன் தன் கைக்கு வரும் எண்ணை இருமடங்காக்கிக் கொடுப்பவன். 4 என்று எழுதிய தாளை முதல்வனிடம் கொடுத்தால் அவன் 7 ஆக்கி அடுத்தவனிடம் கொடுப்பான். அவன் 14 ஆக்குவான். இருவரையும் இடம் மாற்றி நிறுத்துங்கள். 4 எட்டாகும், எட்டு 11 ஆகும். பதினான்கும் பதினொன்றும். வேறு எண்களைக் கொடுத்துப் பாருங்கள்: 10 இற்கு 26 உம் 23 உம், 100 இற்கு 206 உம் 203 உம். எங்கும் மூன்றே வேறுபாடு. ஏன் மூன்று? இந்த வினாவிலேதான் முழுப் பொருளும் அடங்கியிருக்கின்றது.

இரண்டாவதாக நிற்பவன், தன் கைக்கு வந்த எண்ணின் வரலாற்றை அறியான். அது தொடக்கத்தில் நாலாயிருந்தது, பின்னர் மூன்று வந்து சேர்ந்தது என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது. வந்தது ஏழு, ஏழு முழுவதையும் இருமடங்காக்குவான். ஆகவே நாலும் இருமடங்காகின்றது, இடையில் வந்து சேர்ந்த மூன்றும் இருமடங்காகின்றது. ஒழுங்கை மாற்றினால், மூன்று பின்னர் வருகின்றது, இருமடங்காக்குபவன் வேலையை முடித்துக் கை கழுவிய பின் வருகின்றது, அது தப்பிவிடுகின்றது. அந்தத் தப்பிய மூன்றே வேறுபாடு. கரும்பலகையிலே யான் கோடு இழுத்த மாணவனின் பிழையும் இதுவே. அவன் 20 ஐ இரண்டால் வகுத்தது குற்றமன்று. வகுத்தபோது அந்த இருபதுக்குள்ளே இருந்த ஆறும் வகுபட்டு மூன்றாகிவிட்டது. அவன் பின்னர் கழிக்கவேண்டியது மூன்று. பத்திலே மூன்று போக ஏழு. அவனுடைய வழியிலேயே சென்று விடையை அடைந்திருக்கலாம்! அதனை அன்று அவனுக்குக் காட்டியிருந்தால் அவன் எத்துணை மகிழ்ந்திருப்பான் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கூசுகின்றது.

இவ்விடத்திலே என் நண்பர் ஒருவர், அவரும் கணித ஆசிரியர், குறுக்கிட்டார். “இதற்காகத்தானே அடைப்பு முதலில், பின்னர் பெருக்கல் வகுத்தல், அதன்பின் கூட்டல் கழித்தல் என்று போட்மாஸ் விதியைக் கற்பிக்கின்றோம், அது போதாதா?” என்றார். போதாது; அதுமட்டுமன்று, இரண்டும் வேறு வேறு. 3 + 4 × 2 என்று எழுதினால் 11 என்று வாசிக்கவேண்டும் என்பது எழுதுவோரும் வாசிப்போரும் செய்துகொண்ட உடன்படிக்கை. உலகத்தார் எல்லோரும் கூடி, இனி இடமிருந்து வலமாகவே வாசிப்போம் என்று தீர்மானித்தால் அதே எழுத்து 14 ஆகிவிடும். கணிதத்திற்கு ஒரு கேடும் வாராது. ஆனால், நாலோடு மூன்றைக் கூட்டி இருமடங்காக்குவதும், நாலை இருமடங்காக்கி மூன்றைக் கூட்டுவதும் ஒன்றாகவேண்டும் என்று எந்த மகாநாடு தீர்மானித்தாலும் அவை ஒன்றாகமாட்டா. முன்னது எழுத்தின் வழக்கு. பின்னது பொருளின் இயல்பு. வழக்கை மனனம் செய்யலாம். இயல்பை விளங்கிக்கொள்ளவே வேண்டும். வழக்கை மட்டும் கற்பித்து இயல்பைக் கற்பிக்காத இடத்திலே, மாணவன் இரண்டையும் வழக்கென்றே எண்ணி, ‘இது ஆசிரியர் சொன்ன விதி, ஏனென்று கேளற்க’ என்று இருந்துவிடுகின்றான்.

இந்த அறியாமை வகுப்பறையோடு நிற்பதில்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு வெப்பமானி 102 பாகை பரனைற்று எனக் காட்டுகின்றது. செல்சியசில் அது எவ்வளவு? 32 ஐக் கழித்து, வருவதை ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்கவேண்டும். எழுபதைப் பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ 38.9. இதனை ஒழுங்கு மாற்றிச் செய்யும் மாணவன் 102 ஐ முதலிற் பெருக்கி வகுத்து 56.7 எனப் பெற்று, அதிலிருந்து 32 ஐக் கழித்து 24.7 என எழுதுகின்றான். இருபத்தைந்து பாகைகூட இல்லாத உடம்பு காய்ச்சலுற்ற உடம்பாகுமா என்று அவன் வியப்பதில்லை. அடுத்த கணக்குக்குப் போகின்றான். விடை பிழைத்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. வியப்பு வராமற் போனதே வருத்தம். 32 ஐ ஏன் முதலிற் கழிக்கின்றோம்? பரனைற்று அளவையில் பனிக்கட்டி உருகும் நிலை 32; செல்சியசில் அது 0. முதலில் இரண்டு அளவைகளையும் ஒரே தொடக்கத்திற்குக் கொண்டுவருகின்றோம். அதன் பின்னரே படிகளின் பருமனை மாற்றுகின்றோம். காரணம் தெரிந்தவன் ஒழுங்கை மறக்கமாட்டான், மறந்தாலும் கண்டுபிடிப்பான்.

மற்றொன்று. ஒரு வயலின் இரண்டு ஓரங்கள் செங்கோணத்திற் சந்திக்கின்றன. ஒன்று 3 பாகம், மற்றது 4 பாகம் என்று கொள்க. குறுக்கே நடந்தால் எவ்வளவு தூரம்? 9 ஐயும் 16 ஐயும் கூட்டி, 25 இன் வர்க்கமூலம் கண்டால் 5. கூட்டுவதையும் மூலம் காண்பதையும் முன்பின் மாற்றும் மாணவன் 9 இன் மூலம் 3, 16 இன் மூலம் 4, ஆகமொத்தம் 7 என்பான். ஏழு என்பது வரம்போடு சுற்றி நடக்கும் தூரம். குறுக்கே நடந்தாலும் சுற்றி நடந்தாலும் ஒரே தூரம் என்று அவனுடைய விடை சொல்கின்றது. பள்ளிக்கு நேரம் பிந்திய நாளில் வயற்குறுக்கே ஓடி வந்த அதே பிள்ளைதான் அவ்வாறு எழுதுகின்றான்!

ஒழுங்கு எங்கும் விடையை மாற்றும் என்று இப்பொழுது மறுபுறம் சாய்ந்துவிடவும் கூடாது. கடைக்குப் போனால், 10 சதவீதக் கழிவை முதலிற் கழித்துப் பின்னர் வரியைச் சேர்த்தால் நமக்கு இலாபமா, வரியைச் சேர்த்தபின் கழித்தால் இலாபமா என்று வாதாடும் பெரியோர்களைக் கண்டிருக்கின்றேன். 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியையே எடுத்துக்கொள்வோம். 2000 ரூபாப் பொருளுக்கு முதலிற் கழிவு, பின்னர் வரி எனின், 1800 ஆகி 2124 ஆகும். முதலில் வரி, பின்னர் கழிவு எனின், 2360 ஆகி அதே 2124 ஆகும். ஏனெனின் இரண்டும் பெருக்கல். பெருக்கலின் மேற் பெருக்கல் முன்பின் பாராது. (கடைக்காரர் அரசாங்கத்துக்குச் செலுத்தும் வரித்தொகை மாறும் என்பது வேறு கணக்கு.) ஆனால் கழிவு 10 சதவீதம் என்றில்லாமல் 100 ரூபா என்றிருப்பின், 1900 இற்கு வரி சேர்த்து 2242 ஆகும், வரி சேர்த்தபின் கழித்தால் 2260 ஆகும். பதினெட்டு ரூபா வேறுபாடு, தப்பிப்போன நூறு ரூபாவுக்குரிய வரி. வாதாட வேண்டிய இடத்தில் வாளாவிருந்து, வாதாட வேண்டாத இடத்தில் வாதாடுகின்றோம்.

பவணந்தி முனிவர் நன்னூலிலே செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகள் எட்டு என வகுத்து, அவற்றுள் ஒன்றாக அடிமறிமாற்றை வைத்தார். அடிகளை எவ்வாறு இடம் மாற்றி வைப்பினும் பொருள் கெடாத செய்யுளுக்கு உரியது அது. அப்படிப்பட்ட செய்யுள் அருகியே வருவது. அதனாற்றான் அதற்கெனத் தனிப்பெயர் வேண்டியதாயிற்று. கணிதத்திலும் நிலைமை இதுவே. கூட்டலும் பெருக்கலும் ஒழுங்கை மாற்ற இடங்கொடுப்பது அவற்றின் சிறப்பு. யாம் அந்தச் சிறப்பை முதலிற் கற்பித்து, அதுவே பொது என்று பிள்ளைகள் எண்ணும்படி விட்டுவிடுகின்றோம். கணிதர்களும் இவ்வெண்ணத்தில் நெடுங்காலம் மூழ்கியிருந்தனர். அயர்லாந்துக் கணிதர் ஹமில்ரன், மூன்று பரிமாண வெளிக்கு ஏற்ற எண்களைத் தேடிப் பல்லாண்டு முயன்றும் வெற்றி காணாது, 1843 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆந் திகதி டப்ளின் நகரத்துக் கால்வாய்க் கரையிலே மனைவியோடு நடந்து செல்கையில், பெருக்கலில் ஒழுங்கு மாறினால் விடையின் குறி மாறலாம் என்று விட்டுக்கொடுத்தால் வழி திறக்கும் எனக் கண்டார். அம்மகிழ்ச்சியிலே அருகிலிருந்த பாலத்தின் கல்லிற் கத்தியாற் சூத்திரத்தைக் கீறினார் என்பது வரலாறு. எண் என்றால் இடமாற்றத்துக்கு இணங்கத்தான் வேண்டும் என்ற பழைய பற்றினை விடுவதற்கு அத்துணைப் பெரிய அறிஞருக்கே அத்தனை காலம் பிடித்தது. பின்னர் 1858 இல் கெயிலி தாயங்களை ஆராய்ந்தபோதும், 1925 இல் ஹைசன்பேர்க் அணுவின் இயக்கத்தை ஆராய்ந்தபோதும், முன்பின் மாறினால் விடை மாறும் பெருக்கலே எதிர்ப்பட்டது.

ஹமில்ரன் வெளியில் கண்டதன் சிறு நிழலை ஒரு சதுரத் தாளிலும் காணலாம். தாளின் இடப்பக்க மேல்மூலையில், மறுபக்கமும் தெரியும்படி மையால் ஒரு புள்ளி இடுங்கள். தாளை வலஞ்சுழியாகக் கால்வட்டம் திருப்பி, பின்னர் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல இடம் வலமாகப் புரட்டுங்கள். புள்ளி தொடங்கிய மூலையிலேயே இருக்கும். மறுபடி தொடக்க நிலையில் வைத்து, முதலிற் புரட்டி, பின்னர் திருப்புங்கள். புள்ளி எதிர்மூலையில், வலப்பக்கக் கீழ்மூலையில், நிற்கும். இதற்கு ஓர் எண்ணும் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதனைக் காட்டலாம்.

இனிக் குறியீடு. இங்கே தமிழில் படிப்போருக்கு ஒரு நன்மையும் ஓர் இடரும் உண்டு. எண் ஒன்றை ‘எ’ எனவும், இருமடங்காக்குவதை ‘இ’ எனவும், வர்க்கமாக்குவதை ‘வ’ எனவும் கொள்வோம். ‘எண்ணின் இருமடங்கின் வர்க்கம்’ என்று தமிழிற் சொல்லும்போது, சொற்கள் செய்கை நடக்கும் ஒழுங்கிலேயே வருகின்றன: முதலில் எண், அடுத்து இருமடங்கு, அடுத்து வர்க்கம். 5 எனின் 10, பின்னர் 100. ‘எண்ணின் வர்க்கத்தின் இருமடங்கு’ என்றால் 5, 25, 50. சொன்ன ஒழுங்கிற் செய்தாற் போதும். இது நம் மொழி நமக்குத் தந்த நன்மை. ஆனால் கணிதக் குறியீடு இதற்கு நேர்மாறாக எழுதப்படுகின்றது. ஒயிலர் காலத்திலிருந்து சார்பின் பெயரை முன்னரும், அது தொழிற்படும் பொருளை அதன் பின்னர் அடைப்புக்குள்ளும் எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஆதலின் இருமடங்கின் வர்க்கம் வ(இ(எ)) என்றாகின்றது. கண்ணுக்கு முதலிற்படுவது வ. முதலில் வேலை செய்வது இ. அப்பம்மாவையும் இவ்வாறு எழுதினால் அம்மா(அப்பா(நான்)) என்றுதான் எழுதவேண்டும்; வாயிற் சொல்லும் ஒழுங்கு தலைகீழாகிவிடும். சில கணிதர் இவ்விடரை நீக்கக் கருதிச் சார்பின் குறியைப் பொருளுக்குப் பின்னால் எழுதியும் பார்த்தனர். வழக்கு அவர்களை வென்றுவிட்டது. வழக்கை யாமும் மாற்ற இயலாது. ஆனால், ‘உள்ளே இருப்பதிலிருந்து வெளியே வா’ என்று வெறும் கட்டளையாகச் சொல்லாமல், முதலிற் சொல்லாற் சொல்லச் செய்து, பின்னர் குறியால் எழுதச் செய்து, ஒழுங்கு ஏன் தலைகீழாயிற்று என்பதை மாணவனே கண்டு சொல்ல விடலாம். தமிழ்ச் சொற்றொடரை விட்டுக் குறியீட்டிலிருந்து தொடங்கும் ஆசிரியர் கையிலிருந்த விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் வழிகாட்டுகின்றார் என்பது என் கருத்து.

செய்ததை மீட்கும் முறையையும் இதனோடு சேர்த்துக் கற்பிக்கவேண்டும். கொழும்பில் வேலை பார்க்கும் மகனுக்கு அன்னை பனங்கட்டியைக் குட்டானில் இட்டு, குட்டானைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கயிற்றாற் கட்டி அனுப்புகின்றாள். மகன் கடைசியிற் கட்டிய கயிற்றைத்தான் முதலில் அவிழ்க்கவேண்டும். ஈற்றில் நடந்தது முதலில் மீளவேண்டும். இருமடங்காக்கி ஆறைக் கூட்டிய எண்ணை மீட்கும்போது, கூட்டியதே ஈற்றில் நடந்தது. ஆதலின் கழித்தல் முன், வகுத்தல் பின். செல்சியசைப் பரனைற்றாக்கும்போது பெருக்கல் வகுத்தலை முன்னரும் 32 ஐக் கூட்டுதலைப் பின்னரும் செய்வதும் இதனாலேயே. சமன்பாடு தீர்த்தல் என்று யாம் ஓராண்டு முழுவதும் கற்பிப்பதிற் பெரும்பகுதி இந்தப் பொதி அவிழ்க்கும் வேலைதான். அதனை ‘இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும்’ என்று மந்திரமாகச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை, யானும் அதனைப் பல்லாண்டு செய்தவனாகையால், இங்கே கண்டிக்க உரிமை உடையேன்.

“இவையெல்லாம் நல்லனவே, பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றது, பரீட்சையில் இதற்குப் புள்ளி இல்லை” என்று நண்பர் ஈற்றில் கூறினார். நேரம் அதிகம் வேண்டியதில்லை. வழமையாகச் செய்யும் கணக்கின் முடிவில், ‘இதனையே முன்பின் மாற்றிச் செய்தால் என்ன வரும்? ஏன்?’ என்ற இரண்டு வினாக்களைக் கேட்டாற் போதும். சார்பு என்ற பெயரையும் அதன் இலக்கணத்தையும் மேல்வகுப்புக்கு ஒத்திவைக்கலாம். மாணவன் ஓர் எண்ணை மட்டும் கொண்டு சோதித்து முடிவு கூறினால் அதனை ஏற்கவேண்டா. ஒன்றைக் கூட்டி வர்க்கமாக்குதலும் வர்க்கமாக்கி ஒன்றைக் கூட்டுதலும் 0 இற்கு ஒரே விடையையே தரும். 5 இற்கு 36 உம் 26 உம் தரும். பூச்சியத்தை மட்டும் வைத்துச் சோதித்த சோம்பேறி ஏமாந்துபோவான். புள்ளி இல்லை என்பதற்கு யான் என்ன சொல்வேன்? கணினிக்குக் கட்டளை எழுதப் பழகும் இன்றைய பிள்ளை ஒரு வரியை மேலே கீழே மாற்றிவிட்டு மணிக்கணக்காக விழிக்கும்போது அவனுக்கு யார் புள்ளி போடுகின்றார்கள்?

மாணவத் தம்பிமாருக்கு ஒரு கணக்குத் தந்து விடைபெறுகின்றேன். ஓர் எண்ணை இருமடங்காக்கி 1 ஐக் கழிப்பது ஒரு சார்பு. மூன்று மடங்காக்கி 2 ஐக் கழிப்பது மற்றொரு சார்பு. இவற்றைக் கண்டவுடன், ஒழுங்கு மாறினால் விடை மாறும் என்றே சொல்வீர்கள். 5 ஐக் கொடுத்துப் பாருங்கள்: முதலாவது முன்னும் இரண்டாவது பின்னுமாகச் செய்தால் 9, 25, மாற்றிச் செய்தால் 13, 25. பத்தைக் கொடுத்தாலும் இருவழியும் 55 இலேயே முடியும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அவ்வாறே. இவ்விரண்டும் இத்துணை ஒற்றுமையாய் இருப்பதற்குக் காரணம் யாது? துப்பு வேண்டுமாயின், இரண்டிற்கும் தனித்தனியே 1 ஐக் கொடுத்துப் பாருங்கள். காரணம் பிடிபட்டதும், ஐந்து மடங்காக்கி ஏதோ ஒன்றைக் கழிக்கும் மூன்றாவது சார்பு ஒன்றை, முன்னைய இரண்டோடும் இணங்கிப் போகும்படி, நீங்களே அமைக்கலாம். விடை கண்டவர்கள் தத்தம் கணித ஆசிரியரிடம் காட்டுக; மலர்க்குழுவினரை வருத்த வேண்டா.